உறைமேல் இருந்த பெயர்

என் தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்தில் லொறி ஓட்டப் பர்மாவுக்குப் போனவர். திரும்பி வரவில்லை, ஒரு கடிதமும் வரவில்லை. பர்மாக்காரி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று கண்டியில் எங்கள் குடும்பம் இருந்த மஹய்யாவ லயத்து வரிசை வீடுகளில் கதை கட்டிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. அவருடைய அம்மா சாகும்வரை குங்குமப் பொட்டு வைத்தாள். குழாயடியில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களை அப்பா அறுபது வயதிலும் மன்னிக்கவில்லை. இனக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்து, தாத்தாவின் ஒரே படமும் போன பிறகு, அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்தாளு செத்தாரா, எங்கள விட்டுட்டுப் போனாரா? அத மட்டும் பாத்துச் சொல்லும்மா."

நான் கண்டியில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளோடு மாரடிக்கிற கிளார்க். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்தேன். பழைய பட்டாளக் கோப்புகள் கொழும்பில் இருந்தன. புலிகளோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்கள். மாதம் ஒருமுறை லீவு போட்டு ரயிலேறுவேன். ஒருநாள் ஸ்டேஷன் சோதனையில் ஓர் ஆமிக்காரன் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். பட்டாளத்தில் இருந்த தாத்தாவைத் தேடிப் போகிறேன் என்றேன். "எந்தப் பட்டாளம்?" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான்.

ஆறு மாதம் தாத்தாவின் பெயரில் தேடினேன். இல்லை. ஏழாம் முறை போனபோது அங்கிருந்த சிங்களப் பெண்மணி, "அவருடைய அப்பா பெயர் என்ன?" என்று கேட்டாள். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. குடும்பப் பெயர் என்ன என்று வெள்ளைக்காரன் கேட்டால் நம் ஆள் தகப்பன் பெயரைத்தான் சொல்வான். இதே குழப்பத்தைப் பதிவேடுகளில் தினமும் திருத்திக்கொண்டிருப்பவள் நான்.

கொள்ளுத்தாத்தாவின் பெயரில் கோப்பு பத்து நிமிடத்தில் வந்தது. பர்மாவுக்குப் போன எட்டாம் மாதமே தாத்தா காய்ச்சலில் இறந்திருந்தார். யாரோடும் குடும்பம் நடத்த அவருக்கு நேரமே இருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மஹய்யாவ முழுக்கக் கத்திச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த தாளோடு ஓர் உறை இணைத்துத் தைக்கப்பட்டிருந்தது. தாளில் இருந்தது தாத்தாவின் மரணச் செய்தியின் நகல். அவர் மனைவிக்கு எழுதியது. ஆனால் உறைமேல் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் போட்டு, அதற்கு முன்னால் திருமதி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். லயத்தில் அந்தப் பெயருக்குத் திருமதி என்றால் கொள்ளுப்பாட்டிதான். அவள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கடிதம் பிரிக்கப்படாமல் வந்த வழியே திரும்பியிருந்தது.

உறையின் பின்புறம் பென்சிலால் தமிழில் "இவர் இறந்து விட்டார்" என்று எழுதியிருந்தது. அந்த வீட்டில் அப்போது இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். தபால்காரன் அவரிடமே எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாலை நீளமாக இழுத்துவிட்ட அந்த 'ற'வை நான் வாரந்தோறும் அப்பா எழுதித் தரும் சாமான் சீட்டில் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து, தாத்தா காய்ச்சலில் செத்ததைச் சொன்னேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஏன் ஒரு காயிதங்கூட வரல?"

உண்மைப் பிரதி என்று ஆயிரம் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிற நான், "சண்டக் காலம் இல்லையாப்பா, தபால்ல தவறிப் போயிருக்கு" என்றேன்.

அப்பா தலையாட்டினார். "எந்தப் புண்ணியவான் தொலைச்சானோ, நல்லா இருக்கட்டும். எங்கம்மா பொட்டோடயே போய்ச் சேந்தாங்க."