அண்ணனும் தங்கையும் பங்கு போட்ட ஞாயிற்றுக்கிழமை

பலெர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில் நான் பராமரிக்கும், சிஞ்ஞோரா என்று கூப்பிடும் இத்தாலியக் கிழவிக்கு இரண்டு பிள்ளைகள். மகன் டெக்சாஸில், மகள் பொஸ்டனில். போன தேர்தலில் ஆளுக்கொரு கட்சி. மகன் வீட்டு வாசலில் கட்சிக் கொடி கட்டினான். அந்தக் கொடி பறக்கிற வீட்டுக்கு என் பிள்ளைகளைக் கூட்டிவர மாட்டேன் என்றாள் மகள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

பிறகு தாயின் ஞாயிற்றுக்கிழமையையும் பங்கு போட்டார்கள். பின்னேரம் மகன் வீடியோ போன் எடுப்பான், இருட்டின பிறகு மகள். மகன் அனுப்பிய கட்சித் தொப்பியைச் சிஞ்ஞோரா பல்கனி வெயிலுக்குப் போட்டுக்கொள்வாள். மகள் அனுப்பிய எதிர்க்கட்சிச் சுலோகப் பையில் நான் பல்லாரோச் சந்தையிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவருவேன். ஒருவர் எடுக்கும்போது மற்றவரின் சாமானை ஒளித்து வைப்பது என் வேலை. படித்த பிள்ளைகள் செய்கிற காரியமா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நேரம் பார்த்துச் சிஞ்ஞோராவுக்கு இருதய ஆப்பரேஷன் என்று முடிவாகியது. ரெண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும் என்றாள். நான் இருவரிடமும் கேட்டேன். அவள் முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்றான் மகன். மகளும் அதையேதான் சொன்னாள், அவன் கேட்கட்டும் என்று.

சரி, நீங்களும் உங்கட மன்னிப்பும் என்று நினைத்துக்கொண்டேன். ஆப்பரேஷனுக்கு முந்தின ஞாயிறு, மகன் சிஞ்ஞோராவின் போனில் வந்ததும், என்னுடைய போனில் மகளை எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் ஒன்றைத் தண்ணீர்ப் போத்தலிலும் மற்றதை எண்ணெய்ப் போத்தலிலும் சாய்த்து, முகத்துக்கு முகம் வைத்தேன்.

"அம்மா இஞ்சைதான் இருக்கிறா. இனிக் கதையுங்கோ," என்றேன்.

கதைத்தார்களா? கிழித்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். எல்லை, பொய், வெட்கம் என்று என் அரைகுறைக் காதில் விழுந்தது. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத சிஞ்ஞோரா முள்ளுக்கரண்டியோடு இங்கும் அங்கும் பார்த்தாள். ஐயோ, நானே இந்த மனுஷியின் இருதயத்தைக் கெடுத்துவிட்டேனே என்று பயந்து போனேன்.

திடீரென்று மகனுக்குக் கோபத்தில் ஆங்கிலம் மறந்துபோனது. நீ சின்ன வயதிலேயே இப்படித்தான், அப்பாவின் காரைச் சுவரில் இடித்துவிட்டு என் தலையில் கட்டினவள் என்று பலெர்மோ பாஷையில் கத்தினான். இடித்தது நீதான் என்று அதே பாஷையில் அவளும் கத்தினாள். போனை நிறுத்தக் கை நீட்டினேன். சிஞ்ஞோரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு மகள். இவ்வளவு நேரமும் ஆரோ ஆக்களின்ரை சண்டை. இது என்ரை வீட்டுச் சண்டை."

பிறகு இரண்டு போனையும் பார்த்து, "காரை இடிச்சது நான். உங்கட அப்பாவுக்குச் சொல்லப் பயந்து பேசாமல் இருந்திட்டன்," என்றாள்.

இரண்டு முகமும் வாயைப் பிளந்தன. அந்தத் தேர்தலுக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணனும் தங்கையும் ஒரே பக்கம் நின்று, மூச்சு விடாமல் தாயை ஏசினார்கள். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.