ஏபியுவை நிறுத்திய விதம்

நிஜ விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாத நான், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவன். என் புத்திசாலித்தனத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை. மூன்றாவது தடவையும் தோற்றால், எங்கள் வாட்ஸ்அப் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் சேர்ந்து நடத்தும் விமானப் பயணங்களில் வேடிக்கை பார்க்க மட்டும்தான் விடுவார்கள்.

பரீட்சை வைத்தவர் அதே குழுவில் இருப்பவர்; திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். நாமக்கல்லில் என் வீட்டு மேஜையில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, என் திரை அவருக்குத் தெரியாததால் செய்வதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

விமானத்தின் வாலில் ஏபியு என்றொரு குட்டி இஞ்சின் உண்டு. பெரிய இஞ்சின்கள் ஓடத் தொடங்கும்வரை கரண்ட் கொடுப்பது அதுதான். அதை ஸ்டார்ட் செய்து, நீல விளக்கு எரியும்வரை காத்திருந்து, அதன் கரண்டை இணைத்தேன். பெரிய இஞ்சின்கள் இரண்டும் ஒழுங்காகக் கிளம்பின.

"அடுத்து என்னங்க பண்ணோணும்?" என்றார்.

"ஏபியுவ நிறுத்தோணுங்க" என்று சொல்லி, நிறுத்தியும்விட்டேன். அதற்கு முன்னால் பெரிய இஞ்சின்களின் ஜெனரேட்டர் சுவிட்சுகளைப் போட்டிருக்க வேண்டும். திரையில் விமானி அறை பாதிக்கு மேல் இருண்டுபோனது.

"ஏனுங்க, பேச்சையே காணோம்?"

"எங்கூட்டுல கரண்ட் போயிருச்சுங்க. கம்ப்யூட்டரே ஆஃப் ஆயிருச்சு. பரீட்சைய நாளைக்கு வெச்சுக்கலாங்களா?"



"ஃபேன் சுத்தற சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுங்க."