அண்ணன் ஊரைச் சுற்ற நினைத்த வாரம்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அந்த வைகாசியில் நீங்கள் இரண்டு பேரும் சின்னவர்கள். அவர் கொண்டுவந்த சாக்லேட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாரம் முழுக்க, சர்ச்சுக்குப் போனதைத் தவிர, நான் ஏன் உங்களை வாசலைத் தாண்ட விடவில்லை என்பது ஞாபகம் இருக்காது. அதைத்தான் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ஊருக்கு வருவதற்குச் சில மாதம் முன்னால் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அங்கே ஒரு பெரிய அரசாங்கக் கட்டடம். அதைச் சுற்றி ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர் ஆட்டுக் கொம்பை வாயில் வைத்து ஊதுகிறார். கூட்டத்தின் நடுவே நம் அண்ணன், தலையில் அங்கத்துக் கட்சிக்காரர்கள் போடுகிற சிவப்புத் தொப்பி, கையில் கொடி, கண்ணில் தண்ணீர். உங்கள் அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சிலுவை ஒண்ணு, கொடி நூறு. யாருக்குங்க இந்தத் திருவிழா?"

நான் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே மனசில் ஏதோ உறுத்தியது.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தால் யாருக்குக் காய்ச்சல், மழை உண்டா, எந்த வயலில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் ஜெபித்துவிட்டுத்தான் வைப்பார். போகப் போக அந்த ஜெபம் மாறிவிட்டது. யாருக்காக என்பது போய், யாருக்கு எதிராக என்று ஆகிவிட்டது. 'நம்ம ஆளுங்க', 'அவனுங்க' என்ற இரண்டு சொல் இல்லாமல் அவரால் பேச முடியவில்லை.

"நம்ம நாட்டை நாம திரும்பப் புடிக்கப் போறோம்டா தம்பி" என்றார் ஒருநாள்.

"அண்ணே, பட்டா எப்பண்ணே உங்க பேர்ல இருந்துச்சு, இப்பத் திரும்பப் புடிக்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்றார்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே அண்ணன் சேர்ந்திருந்த சபையார் கெட்டவர்கள் இல்லை. அண்ணனும் அண்ணியும் யாரையும் தெரியாமல் பனியில் போய் இறங்கியபோது கம்பளி கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள்தான். அண்ணிக்கு ஆபரேஷன் ஆனபோது வீட்டு வாசலில் தினம் சாப்பாடு வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பற்றியும் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் கவலைப்பட்டதில் பாதி எனக்கும் உள்ள கவலைதான். அதனால்தான் அண்ணன் அவர்களோடு ஒட்டினார். எது வேதம், எது கட்சி என்று பிரிக்க முடியாதபடி ஒட்டிப்போனார்.

இனி நம் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் டவுனில் படிக்கப் போய்விட்டீர்கள், மறந்திருப்பீர்கள். வைகாசியில் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியதும் பூசாரி ஊரின் நாலு மூலைக்கும் போய் எலுமிச்சம்பழம் அறுத்து எல்லை கட்டுவார். அதற்கப்புறம் திருவிழா முடிகிறவரை வேறு எந்தக் கூட்டமும் ஊரைச் சுற்றி வரக் கூடாது. சாவு விழுந்தால்கூடக் குறுக்கு வழியில்தான் தூக்கிப் போவார்கள். ஓட்டுக் கேட்டு வரும் கட்சிக்காரர்களும் அந்த நாட்களில் நேரே வந்து நேரே போவார்கள். நாம் அம்மனைக் கும்பிடுகிறவர்கள் இல்லை. ஆனாலும் காப்பு நாளில் நம் கைப்பிடியளவு கிறிஸ்தவக் குடும்பங்களில் யாரும் கல்யாணம் வைத்ததில்லை, ஊர்வலம் போனதில்லை. பயந்துகொண்டு அல்ல, ஒரே ஊர் என்பதால்.

அண்ணன் அண்ணியோடு வந்து இறங்கியது காப்புக் கட்டிய மறுநாள். நம் சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றார். பெட்டியிலிருந்து வெள்ளைக் கொடி ஒன்றையும் அந்த ஆட்டுக் கொம்பையும் எடுத்துக் காட்டினார்.

"அங்க நாங்க சுத்தி வந்தோம். வர்ற வெள்ளிக்கிழமை இங்க நம்ம ஊரைச் சுத்தி ஜெபத்தோட நடப்போம். எத்தனை நாளைக்கு ஒதுங்கி ஒதுங்கியே இருக்கறது? நாம யாருன்னு தெரிய வேணாமா?"

பையன்கள் கைதட்டினார்கள். கொம்பை வாங்கி ஒருவன் ஊதிப் பார்த்தான், கன்றுக்குட்டி கத்துவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, காப்புக் கட்டியிருக்கு" என்றேன்.

"உனக்கு என்ன காப்பு? நீ எந்தச் சாமிக்குப் பயப்படுற?"

எல்லார் முன்னாலும் கேட்டார். சாமிக்குப் பயம் என்றால் சொல்லியிருக்கலாம். ஆளுக்குப் பயம் என்பதை எப்படிச் சொல்வது? அடுத்த வயல் காப்புக் கட்டியவர்களுடையது. நாம் குத்தகைக்கு உழுகிற நிலம் அவர்களுடையது. உங்களைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிற தெரு அவர்கள் தெரு.

செவ்வாய்க்கிழமை காலை டீக்கடைக்குப் போனேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையில் மஞ்சள் காப்போடு. எங்களுக்குள் சம்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் என்னை மச்சான் என்பார், நான் மாப்ள என்பேன், சின்ன வயசிலிருந்து அப்படித்தான். என்னைப் பார்த்தால் 'வா மச்சான்' என்று நகர்ந்து இடம் விடுகிற ஆள். அன்றைக்கு, "வாங்க" என்றார்.

மரியாதைதான். ஆனால் நகர்ந்து இடம் விடவில்லை. நான் நின்றேன்.

அவர் போனை என் பக்கம் திருப்பினார். அண்ணன் அனுப்பிய அதே வீடியோ. நம் சபைப் பையன்களில் எவனோ பெருமையாகப் போட்டிருக்கிறான், அது ஊர் முழுக்கப் போய்விட்டது.

"இது சாமி ஊர்வலமா, கட்சி ஊர்வலமாங்க?" என்று கேட்டார்.

"ஜெபம்தான்" என்றேன்.

"ஜெபத்துக்கு எதுக்குங்க இத்தனை கொடி?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. கடையில் இருந்த யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "வெள்ளிக்கிழமை எங்க எல்லைக்கு மேல இவங்க எல்லை கட்டப் போறாங்களாம்."

எல்லை கட்டுவது! அண்ணன் வாயில் அந்தச் சொல்லே வரவில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு கூட்டம் ஊரைச் சுற்றி நடந்தால் அதற்கு வேறு பெயர் கிடையாது. இங்கே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு இது தெரியாதா? தெரியும். அங்கே நடந்து நடந்து மறந்திருக்கிறார்.

வயல்காரர் டீயை வைத்துவிட்டு என்னோடு கொஞ்ச தூரம் வந்தார். "நம்ம ஊருக்குள்ள பேசி முடிச்சிக்கலாம். வெளியூர்ப் பசங்க சில பேர் இந்த வீடியோவை வாங்கிட்டுப் போயிட்டானுங்க. அவனுங்க எங்க பேச்சையும் கேக்க மாட்டானுங்க" என்றார். அப்போதும் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் கொல்லையில் கொடிக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"பாத்தியா, இதான் நான் சொன்னது. அவனுங்க பயப்படுறானுங்க" என்றார் உற்சாகமாக. "வேதத்துல ஜனங்க கொம்பு ஊதிக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தப்ப மதில் விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சுண்ணே. மதிலோட உள்ள இருந்த ஊரும்ல போச்சு. இந்த ஊர்ல உள்ள இருக்கறது நாமதாண்ணே."

சீவுகிற கத்தி நின்றது. நான் அண்ணனை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆனாலும் விடாமல் சொன்னேன்: "நான் வரல. என் பிள்ளைங்களும் வராது. நீங்க ஃப்ளைட் ஏறிப் போயிடுவீங்க."

"கோழை" என்றார்.

கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த அண்ணி அப்போதுதான் பேசினார்.

"தம்பியைக் கோழைங்காதீங்க. அந்த ஊர்வலம் முடிஞ்சு சாப்புடுறப்ப நடந்ததைச் சொல்லவா?"

"வேணாம்" என்றார் அண்ணன்.

அண்ணி சொன்னார். ஊர்வலம் முடிந்து எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறார்கள். எதிரே, அதே சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர். நல்ல மனுஷர் மாதிரி சிரித்துக்கொண்டே அண்ணனிடம் கேட்டாராம், 'எல்லாம் சரியானதும் நீங்க எப்ப உங்க நாட்டுக்குத் திரும்பிப் போறீங்க?' என்று. அண்ணன் கையில் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. அண்ணி சிரிக்கவில்லை. அண்ணன் சிரித்தாராம்.

"மறுவாரமே இன்னும் பெரிய கொடியா ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு" என்றார் அண்ணி. "இங்க சுத்தறதும் அவங்களுக்கு வீடியோ எடுத்து அனுப்பத்தான். இவரும் அவங்க ஆளுதான்னு காட்டணும்ல."

அண்ணன் மூங்கிலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான் கடவுளை விட்டுவிட்டு ஊருக்குப் பயந்தேன் என்றால், அவரும் வேறொரு ஊருக்குத்தான் பயந்திருக்கிறார். அது எனக்குத் தெம்பு தரவில்லை. இன்னும் பயமாகத்தான் இருந்தது. பயந்தவன் கையில் கொடி இருந்தால் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் அவர், "சரி. சுத்த வேணாம். சர்ச்சுக்குள்ளயே ஜெபிச்சுக்குவோம்" என்றார்.

நான் ஓடிப்போய் வயல்காரரிடம் சொன்னேன். அவர் ஊரில் சொன்னார். ஆனால் வெளியூருக்கு யார் போய்ச் சொல்வது?

வெள்ளிக்கிழமை பிற்பகல் நாம் எல்லாரும் சர்ச்சுக்குள் இருந்தோம். நீங்கள் அம்மா மடியில். பாட்டின் பாதியில் பைக் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. சர்ச்சைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஹாரனை அழுத்தியபடி கையை எடுக்கவே இல்லை. எல்லாப் பைக்கிலும் கொடி. ஏதோ கோஷம் போட்டார்கள். சாமி பெயர் ஒன்று காதில் விழுந்தது, ஒரு கட்சிக் கோஷமும் விழுந்தது, இரண்டும் ஒன்றாகவே வந்தது. ஜெபம் நடத்திக்கொண்டிருந்த உபதேசியார் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ஜன்னலில் புழுதி ஏறி உள்ளே மங்கிவிட்டது. சின்னது அழ ஆரம்பித்தது. நான் உன் வாயைப் பொத்தினேன், மகளே. உனக்கு மூச்சு முட்டியிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கை கூசுகிறது.

அண்ணன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். சத்தம் ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் அவர் தோள் ஒடுங்கியது. என் காதருகே வந்து கேட்டார்:

"நாங்க அங்க சுத்தி வந்தப்ப, அந்தக் கட்டடத்துக்குள்ள ஆளுங்க வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்கடா. ஜன்னல்ல ஒரு பொண்ணு நின்னு பாத்துச்சு. அதுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

கதவில் ஒரு கல் விழுந்தது.

அப்புறம் வெளியே வேறு குரல்கள். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். வயல்காரர், டீக்கடைக்காரர், பூசாரி, இன்னும் நாலைந்து பேர், எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் காப்பு. வயல்காரர் முதல் பைக்கின் முன்னால் போய் நின்றார்.

"காப்புக் கட்டின ஊர்ல எவன்டா சுத்தறது? யாரைக் கேட்டுடா வந்தீங்க?"

"உங்களுக்காகத்தாண்ணே வந்தோம். நம்ம ஆளுங்கதானே நீங்க?" என்றான் பைக்கில் இருந்தவன்.

"நம்ம ஆளா? நீ எந்த ஊருன்னே எனக்குத் தெரியலியே. உள்ள இருக்கறவன் வரப்பை வெட்டி என் தண்ணியைத் திருப்புனா நான் அவனோட சண்டை போடுவேன். நீ யாரு நடுவுல? வண்டியைத் திருப்பு."

பூசாரி பாதையில் குறுக்கே போய் உட்கார்ந்துவிட்டார். பைக்கில் வந்தவர்கள் முறைத்தார்கள், ஏதோ திட்டினார்கள். கடைசியில் போனார்கள். போகும்போது ஒருவன், "இதோட விட மாட்டோம்" என்றான். அதை எல்லாரும் கேட்டோம்.

வயல்காரர் கதவைத் தட்டினார். திறந்ததும் உள்ளே வராமல் படியில் நின்றபடி, "பிள்ளைங்களுக்குத் தண்ணி குடுங்க" என்றார். இந்தத் தடவையும் மச்சான் என்று கூப்பிடவில்லை. அந்தச் சொல் திரும்பி வர அடுத்த நடவு ஆயிற்று.

அண்ணன் அடுத்த வாரமே கிளம்பிவிட்டார். பெட்டியில் கொம்பையும் கொடியையும் வைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. சில நாள் கழித்துப் போன் செய்தார். அங்கே சபையில் அவரை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். இந்தியாவில் நம் ஜனங்களுக்கு நடக்கிற கொடுமையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம்.

"பைக்குல வந்தவனுங்களைப் பத்திச் சொல்லணும்ங்கறாங்க."

"சொல்லுங்கண்ணே, நடந்ததுதானே. கூடவே, போகச் சொன்னவங்களையும் சொல்லுங்க."

"அந்தப் பாதியை அவங்க கேக்க மாட்டாங்கடா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "அதைச் சொன்னா, நான் யாரு ஆளுன்னு கேப்பாங்க."

"இயேசு ஆளுன்னு சொல்லுங்களேன்."

"இங்க இப்ப அது பத்தாதுடா" என்றார்.

அவர் மேடையில் ஏறினார், அது தெரியும். அண்ணி போட்டோ அனுப்பினார். என்ன சொன்னார் என்பது தெரியாது. அவர் அங்கே பேசியது இன்றுவரை இங்கே வரவில்லை, ஆனாலும் ஒருநாள் வீடியோவாக நம் டீக்கடை போனுக்கு வந்து சேரும். அதில் மஞ்சள் காப்புக் கைகள் இருக்குமா, இருக்காதா? அதைப் பொறுத்துத்தான் நாம் இந்த ஊரில் எப்படி இருப்போம் என்பது. இத்தனை வருஷத்தில் அண்ணனிடம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். போகச் சொன்னவர்களையும் மேடையில் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டதில்லை, பிள்ளைகளே. கேட்கப் பயமாக இருக்கிறது.