மூன்றாவது பாட்டின் நடுவில்

அண்ணன் ஆக்லாந்துக்குக் கிளம்பியபோது அவன் பெட்டியை அம்மா ஊறுகாயால் நிரப்பிவிட்டாள். அவன் உயிராக வைத்திருந்த டெத் மெட்டல் கேசட் நகாசியில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, இந்தியர்கள் குடியிருந்த எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான் அவசர அவசரமாகக் காலியாயின.

அந்த வகை இசையே அப்போதுதான் பிறந்திருந்தது. தலைநகர் சுவாவின் துறைமுகத்தில் யாரோ கப்பல்காரன் அவனிடம் விற்றுவிட்டுப் போன கேசட். குடத்துக்குள் வைத்துப் பதிந்ததுபோல் மங்கலான ஒலி, துரத்தியடிக்கும் டிரம்ஸ், அடிவயிற்றிலிருந்து உறுமும் குரல். தங்கையாகப் பிறந்த பாவத்துக்கு நானும் கேட்டேன், எரிச்சலோடு. ஆனால் மூன்றாவது பாட்டின் நடுவில் வேகமெல்லாம் அடங்கி, பாரம் ஏற்றிய கரும்பு லாரி மேடேறுவதுபோல் கிடார் ஊர்ந்து வரும். அந்த இடத்துக்காக மற்ற எதையும் பொறுத்துக்கொள்ளலாம். துக்கத்தை அவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

இந்தச் சத்தத்துக்கு மாரியம்மன் வீட்டுப் பக்கமே வரமாட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்த அம்மா, அவன் போன பிறகு ரொட்டி சுடும்போதெல்லாம் தானே அதைப் போட ஆரம்பித்தாள். அது பாடாவிட்டால் கை ஓடவில்லையாம்.

எழுதத் தெரியாதவர்கள் அப்போதெல்லாம் கேசட்டில் பேசி, விமானம் ஏறுபவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். பக்கத்து வீட்டாரும் ஆக்லாந்துக்குக் கிளம்பிய அன்று எங்களிடம் வெற்றுக் கேசட் இல்லை. நான் வேலையிலிருந்து வருவதற்குள் அம்மா அண்ணனின் கேசட்டிலேயே பேசி முடித்திருந்தாள். கோயிலில் மேளத்தோடு பாடுவதுபோல், தன் குரலும் பாட்டோடு சேர்ந்து கேட்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"நடுவுல மெதுவா வாசிக்கிற எடம் இருக்கில்ல, அங்கதான் பேசினேன். அவனுக்கு நல்லா கேக்கும்" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த இடம் அழிந்துபோயிற்று என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. கேசட் அப்படியே போய்ச் சேர்ந்தது.

அம்மா இறந்து பல வருடங்கள் கழித்து ஆக்லாந்து போனேன். எங்கள் தீவில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரையும்போல, நானும் அண்ணனும் பேசிக்கொண்டதெல்லாம் இந்தியில்தான். அந்தக் கேசட் போட்டுப் போட்டு அறுந்துவிட்டது என்று சொல்லி, புதிதாக வாங்கிய அதே ரெக்கார்டைப் போட்டான். மூன்றாவது பாட்டு வந்தது. வேகம் அடங்கியது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தக் கிடாரை முழுதாகக் கேட்டேன்; அருமையாகத்தான் ஊர்ந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அதன் மேலேயே சொன்னான்:

"சாப்ட்டியாப்பா? அங்க குளுருதா?"

அவனிடம் மிச்சமிருந்த தமிழ் அவ்வளவுதான்.