இறால் கழற்றிய சட்டை

எங்கள் வீட்டுக்குக் கடல் வந்தது ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எதையும் நாளோடும் கிழமையோடும் நினைவில் வைப்பவன் நான், இது மறக்காது. கூடத்தில் டிவி இருந்த மேசைமேல் சின்னக் கண்ணாடித் தொட்டி. கடையில் வாங்கிய கடலுப்புப் பொடியைக் கரைத்து ஊற்றி, கல்லை அடுக்கி, மோட்டாரைப் போட்டேன். புதுத் தண்ணீர் பதமாக ஒரு மாதமாவது ஆகும், அதுவரை மீன் விடக் கூடாது என்று படித்த எல்லாவற்றிலும் இருந்தது. என் மனைவிக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆடியில யாருங்க புதுசாக் குடி வெப்பாங்க?" என்றாள்.

ஆடி முழுக்க வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய பெரியப்பா வந்தவர் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாப்ள, மீனெல்லாம் மாமியா ஊட்டுக்குப் போயிருச்சுங்களா?" என்றார்.

ஆவணியின் முதல் முகூர்த்த நாளில் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு க்ளௌன் மீனும் இரண்டு இறால்களும் வந்தன. மீன் என்னுடையது. இறால்கள் வந்த வாரமே அவளுடையவை ஆகிவிட்டன. சிவந்த முதுகு, அதன் நடுவே வெள்ளைக் கோடு, உடம்பைவிட நீண்ட வெள்ளை மீசை. மீன்களின் மேல் ஏறி அழுக்கைப் பொறுக்கித் தின்னும் வகை. அவள் தண்ணீருக்குள் கையை விட்டால் விரலில் ஏறி நகக்கண்ணைக் கொத்தும். "பார்லருக்கே போக வேண்டீதில்லீங்க" என்று சிரிப்பாள்.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் காலையில் ஓர் இறால் மணலில் கிடந்தது. கண், கால், மீசை எல்லாம் அப்படியே இருந்தன, அசைவு மட்டும் இல்லை. தட்டில் வைத்த இட்லியை அவள் தொடவில்லை. சின்ன வலையை விட்டு எடுத்தேன். வலையில் எதுவுமே இல்லாததுபோல் அவ்வளவு லேசாக இருந்தது. அப்போது கல்லுக்குப் பின்னாலிருந்து இரண்டு இறால்களும் எட்டிப் பார்த்தன. உரித்துப் போட்ட வெறும் தோல்! பாம்பைப்போல இதுவும் சட்டை உரிக்கும் என்று படித்திருந்தேன். படித்தது அந்த நேரத்தில் உதவவில்லை.

தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறையும், உப்பு குறையாது. அதனால் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்ப வேண்டும். நான் காலையிலேயே பொள்ளாச்சி பஸ் பிடிக்கிறவன் என்பதால் அது அவள் வேலை. குழாயில் வருவது பேர்போன சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் குளோரின் இருக்கும், ஓர் இரவு வைத்தால்தான் அது போகும். "ராத்திரியே புடிச்சு வெச்ச தண்ணியத்தான் ஊத்தோணும் அம்மணி" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒரு நாளும் அவள் தவறவில்லை.

புரட்டாசியில் இறால்கள் சோர்ந்தன. விரலில் ஏறுவதை நிறுத்தின. பிறகு ஒரு சனிக்கிழமை, மணலில் ஒன்று கிடந்தது.

"மறுபடியும் சட்டையக் கழட்டிப் போட்டிருக்குதுங்க" என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

வலையை விட்டேன். கனத்தது.

அந்தக் கனம் கைக்குத் தெரிந்தபின்னும் வலையைப் பிடித்தபடியே நின்றேன். என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது.

உப்பைச் சோதித்தேன், சூட்டைச் சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில், மீனோடு கடையில் கொடுத்த மருந்துப் புட்டியை அலமாரியிலிருந்து இறக்கினேன். செம்பு சேர்ந்த மருந்து, இறால் உள்ள தொட்டியில் ஊற்றவே கூடாது, சிறிதளவும் இறாலைக் கொல்லும் என்று அதில் அச்சிட்டிருந்ததால்தான் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். மூடி திறக்கப்படவில்லை. புட்டியும் கையுமாக நிற்கும்போதே அவள் சமையலறையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இதை எதுலிருந்து மொண்ட?"

"குடத்துல இருந்துதானுங்க. ராத்திரியே புடிச்சு வெச்சது."

எட்டிப் பார்த்தேன். புளி போட்டுத் துலக்கிய செப்புக்குடம் பளபளவென்று இருந்தது. உடம்புக்கு நல்லதென்று நாங்கள் இரவில் நிரப்பிவைத்துக் காலையில் குடிக்கிற தண்ணீர். வீட்டிலேயே நல்ல தண்ணீரை எடுத்து அவள் அவற்றுக்கு ஊற்றியிருக்கிறாள்.

புட்டியை அவளிடம் நீட்டினேன். படித்தாள்.

"ஏனுங்க, நாமளே அதத்தானுங்க குடிக்கறோம்?" என்றாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். "நாந்தான் ஊத்தி ஊத்திக் கொன்னுபோட்டனா?"

"எதுல புடிச்சு வெக்கறதுன்னு நான் சொல்லவே இல்லையே, கண்ணு."

அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மீன் மட்டும் எதுவும் நடக்காததுபோல் கண்ணாடிக்கு வந்து தீனி கேட்டது.

கேன் தண்ணீர் வாங்கி, பிளாஸ்டிக் பக்கெட்டில் உப்புக் கரைத்து, காற்றுக்குழாய் விட்டு, மிஞ்சிய இறாலை மெதுவாக அதற்கு மாற்றினோம். அன்று முழுக்க அது அசையவில்லை.

ஞாயிறு காலை பக்கெட்டின் அடியில் அது கிடந்தது. வலையை எடுத்தேன், தண்ணீருக்குள் விடக் கை வரவில்லை. அவள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டுதான் தூக்கினாள்.

"லேசா இருக்குதுங்க."

நான் நம்பவில்லை. அதை என் உள்ளங்கையில் வைத்தாள். எடையே இல்லை. குனிந்து பார்த்தோம். காற்றுக்குழாயின் மறைவில் ஒரு வெள்ளை மீசை, மெல்ல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசைந்தது.

பழக்கத்தில் அவள் விரலைத் தண்ணீருக்குக் கொண்டுபோனாள். தொடுமுன் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. அதுவா வரட்டும்."