நைட்டிக்கார அக்கா

கட்டம் போட்ட பெரிய ஜிப் பை அது. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் ரயிலடியில் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்களே, அந்த ரகம். எங்கள் வேனின் பின்சீட்டில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. கொஞ்சம் அழுத்திப் பிரேக் போட்டாலும் சரிந்து விழும். விழுந்தால் ஜிப் வாய்வழியே பூப்போட்ட நைட்டிகள் எட்டிப் பார்க்கும். "மெதுவா ஓட்டுப்பா, எங் கடையக் கவுத்துடாத" என்பார் அக்கா. இப்போதும் சாலையில் யாராவது அந்த மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது.

வில்லியனூரில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் ஓட்டுநராக இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டுப்போனது. அதற்கப்புறம் கற்றதெல்லாம் வேனில் ஏறி இறங்கியவர்களின் வாயைப் பார்த்துக் கற்றதுதான். யார் எதைச் சொன்னாலும் எனக்கு மனதில் ஒட்டிக்கொள்ளும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, மாத்திரையை விடாமல் சாப்பிட வைப்பது, மாதாமாதம் பாண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, இதுதான் நிறுவனத்தின் வேலை. அக்கா அங்கே களப்பணியாளர். யாருக்குத் தொற்று இருக்கிறது என்று வெளியே சொல்லக் கூடாது என்பதற்குச் சட்டமே இருக்கிறது. சரிதான். ஆனால் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அப்புறம் வாயைத் திறந்து சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களில் புது ஆள் தெருவில் கால் வைத்ததும், யாரு, இன்னாத்துக்கு என்ற கேள்வி அவருக்கு முன்னால் தெருக்கோடிக்குப் போய்விடும்.

அதனால்தான் அக்கா நைட்டி விற்றார். நிறுவனத்தைத் தொடங்கிய அம்மாளிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார். "விக்கிற மாதிரி நடிக்காத, நெசமாவே வித்துடு. நடிச்சா பொம்பளைங்க கண்டுபுடிச்சிடுவாங்க" என்று அந்த அம்மாள் சொன்னாராம். வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை. பாண்டியில் மொத்தக் கடையில் எடுத்து, வாங்கிய விலைக்கே கொடுப்பார் அக்கா. ஒரு வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் தெரு முழுக்க ஏறி இறங்குவார். நான் வேனை ஊருக்கு வெளியே, கரும்பு லோடு ஏற்றும் இடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

பாகூர் ஏரிப் பக்கம் ஓர் ஊர். அங்கே முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் காய்ச்சல் என்று படுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். அது என்ன காய்ச்சல் என்று அந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. மாமியாரோடும் சின்னப் பெண் குழந்தையோடும் இருந்தாள். நல்லவேளை, குழந்தைக்குத் தொற்று இல்லை. விஷயம் தெரிந்தால் தன்னை வெளியே அனுப்பிவிட்டுக் குழந்தையை வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் அவளுக்கு. அவளை மாதம் ஒருமுறை வீட்டைவிட்டுக் கிளப்ப அக்கா கண்டுபிடித்த வழி, 'சரக்கு எடுக்கப் போறோம்'. இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து, கொஞ்ச தூரம் தள்ளி என் வேனில் ஏறிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு, நிஜமாகவே கடைக்கும் போய் நைட்டி எடுத்துக்கொண்டு திரும்புவார்கள்.

மாமியார்க் கிழவி லேசுப்பட்டவர் இல்லை. அவர் பேசியதையெல்லாம் அக்கா வேனில் நடித்துக் காட்டுவார். "இன்னாம்மா கலர் இது? இதப் போட்டுகினு ஏரிக்கரப் பக்கம் போனா மேயற மாடெல்லாம் அறுத்துகினு ஓடும்" என்பாராம். "அப்ப உனக்குத்தான் பெரியம்மா இது. ஒதைக்கிற மாட்டுக்கு முன்னாடி நீ இதப் போட்டுகினு நில்லு" என்பாராம் அக்கா. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒரு நாள் என்னிடம், "அண்ணே, போன வாட்டி நான் எடுத்த கலரெல்லாம் மொதல்லயே வித்துப்போச்சு. நெசமாவே இந்த யாவாரத்தப் பண்ணலாம் போலக்கீது" என்றாள். அவள் வருங்காலத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

நிறுவனத்தைத் தொடங்கிய அம்மாள் இறந்த பிறகு, பணம் தருகிறவர்கள், எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரியை வைக்கச் சொன்னார்கள். வந்தவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு வருங்கால வைப்பு நிதி கட்டாமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்துக் கட்ட வைத்தவர் அவர்தான். ஒரு நாள் வேனைச் சோதித்தபோது பையைப் பார்த்துவிட்டார். "யாருது இது?" என்று கேட்டார். "என்னுதுதான் சார்" என்றார் அக்கா. உதவி பெறுகிறவர்களிடம் ஊழியர் எந்த வியாபாரமும் செய்யக் கூடாது என்று நடத்தை விதியில் இருந்தது. அந்த விதி எதற்கென்று எனக்கும் புரிகிறது. மருந்துக்கு வழி செய்கிறவரே பையைப் பிரித்துக் கடை பரப்பினால், வேண்டாம் என்று ஏழை எப்படிச் சொல்வார்? எங்கேயோ யாரோ அப்படிச் செய்து, யாரோ அழுது, அதற்கப்புறம் எழுதிய விதியாக இருக்கும். எங்கள் அக்காவின் பையைப் பார்த்து எழுதியது இல்லை.

விசாரணைக்குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஊரில் மரியாதையான மனிதராகத் தேடி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அழைத்திருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டில் வைக்கப் போனபோது அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டிருந்தார். ஊரின் பெயரைச் சொன்னார். இன்னார் வீடு என்றும் சொன்னார். பாகூர்ப் பெண்ணின் செத்துப்போன புருஷனுக்குச் சொந்தப் பெரியப்பா அவர். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

"எங்க தெருவுக்குக்கூட ஒரு நைட்டிக்காரி வர்றதா வூட்ல சொல்லுவாங்க. அது நீதானாம்மா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல சார். நான் அந்தப் பக்கமே வந்ததில்ல" என்றார் அக்கா. பிறகு அதிகாரியைப் பார்த்து, "உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்த பேசணும் சார்" என்றார்.

"தனியா எதுவும் கூடாதும்மா. எல்லாம் குழு முன்னால பேசிப் பதிவாகணும். அதுதான் உங்களுக்கே பாதுகாப்பு."

எந்தெந்த வீடுகளுக்குப் போனீர்கள் என்று கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றார். எதற்காக விற்றீர்கள் என்று கேட்டார்கள். "ஆசைதான் சார். நாலு காசு வரும்னு" என்றார். பதினைந்து வருஷ வேலை அந்த ஒரு வரியில் போனது. மறுவாரம் அதிகாரியைத் தனியாகப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் நிஜமாகவே வருந்தினார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா. குழு கையெழுத்துப் போட்டாச்சே" என்றார்.

நிறுவனத்தை விட்டால் என்ன, தனி ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று நான் கேட்டேன். "எப்பிடிப்பா போவேன்? அவரு என் மொகத்தப் பாத்துட்டாரு. எந்த ஆபீஸுன்னு தெரியும். நான் அந்தத் தெருவுல கால வெச்சா, நைட்டிக்காரி யாரு, எதுக்கு வர்றா, எந்த வூட்ல நெறைய நேரம் ஒக்கார்றா... இதெல்லாம் கூட்டிப் பாக்க ஒரு வாத்தியாருக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார். மாத்திரையை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். "புருஷன் இல்லாத பொண்ணு வூட்டு வாசல்ல மாசாமாசம் ஒரு டிரைவர் நின்னா, அதுக்கு வேற பேரு வெப்பாங்கப்பா" என்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

அக்காவின் இடத்துக்குப் படித்த பெண் ஒருத்தி வந்தாள். நல்ல பிள்ளைதான். நிறுவனத்தின் பெயர் போட்ட மேல்சட்டை, கழுத்தில் அட்டை. போனதற்குச் சாட்சியாக அது எந்த இடம் என்று பதிவாகும்படி போனில் படம் எடுக்க வேண்டும். ரகசியம் காக்க வேண்டும் என்பதால் முகம் வேண்டாம், வாசல் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்கள். பாகூர்ப் பெண்ணின் ஊருக்குப் போனபோதும் நான் வேனைக் கரும்பு லோடு இடத்திலேயே நிறுத்தினேன். அவள் மேல்சட்டையோடு தெருவுக்குள் நடந்தாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். "நீங்க தேடற ஆளு இங்க இல்லன்னு ஒரு பொண்ணு கதவச் சாத்திட்டாங்கண்ணா" என்றாள். கதவைச் சாத்தியது அந்தப் பாகூர்ப் பெண்தான் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டார் வந்து என்ன விஷயம் என்று கேட்டதற்கு, வீடு மாறி வந்துட்டாங்க என்று அவள் சொல்லிச் சமாளித்ததை அப்புறம் கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே இல்லை.

அந்த வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் மாமியார் கையில். அக்கா கூப்பிடும்போதெல்லாம் கிழவிதான் எடுப்பார். "எப்பம்மா வருவ? நீ இல்லாம சரக்கெடுக்க ஒத்தையில எங்க அனுப்பறது? இவ மொகமே சுண்டிப்போய்க் கெடக்குது" என்பார். "ஒடம்பு சரியில்ல பெரியம்மா, அடுத்த மாசம் வர்றேன்" என்பார் அக்கா. அடுத்த மாசமும் அதையேதான் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டாள். அங்கேயும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மழைக்காலம் முடிகிற நேரம். வேனில் வரும்போது புதுப் பெண், "பாகூர்ல ஒரு பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்துடணும்ணா, எறந்துட்டாங்களாம்" என்றாள். நான் அக்காவை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செத்தவளுக்கு இனி என்ன ரகசியம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் குழந்தை அங்கேதானே வளர வேண்டும்? அதனால் அக்கா முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார்.

ஷாமியானாவுக்குக் கீழே முன்வரிசை நாற்காலியில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். உள்ளே போக வேறு வழி இல்லை. அக்கா அவரைத் தாண்டும்போது முக்காடு நழுவிவிட்டது. அவர் நிமிர்ந்து அக்காவின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். அவர் காலை மடக்கி வழிவிட்டு, "போம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஆளிடம் விட்ட பேச்சைத் தொடர்ந்தார்.

வாசற்படியில் கிழவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அழுது அழுது கண் இடுங்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் கையை அசைத்தார்.

"நைட்டிக்காரம்மா, இன்னிக்கி வேணாம்மா. எங்க வூட்ல சாவு. இன்னொரு நாளைக்கி வா" என்றார்.

"சரி பெரியம்மா" என்றார் அக்கா. திரும்பி நடந்தார். நைட்டி விற்க வருகிற ஒருத்தி எவ்வளவு அழலாமோ அதற்குமேல் அங்கே அழவில்லை. கரும்பு லோடு இடத்துக்கு வந்ததும் பைக்கில் ஏறாமல், வந்த தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த வாத்தியாருக்கு என்னைய அடையாளமே தெரியலப்பா" என்றார். பிறகு, "நான் போயிருக்கலாம். மாசாமாசம் போயிருக்கலாம்" என்றார்.