கயிறு, விலங்கு, பானைச் சங்கிலி

வேலையில் என் எதிர்மேசையில் இருப்பவள் ஒரு போர்த்துக்கீசப் பெண். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, கதிரை, யன்னல், அலுமாரி, குசினி எல்லாம் அவளுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொற்கள் என்று சொல்லித் தொலைத்தேன். அவள் மறக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு சப்பாத்துப் பெட்டியோடு என் டுசல்டோர்ஃப் வீட்டு வாசலில் நின்றாள்.

பெட்டிக்குள் ஐந்து காலுறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நகை. எல்லாம் போன வருடம் இறந்துபோன அவளுடைய அம்மாவுடையவை. கூடவே அம்மா கைப்பட எழுதிய அரைப்பக்கத் தாள். அதில் ஐந்து பழைய ஊர்ச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த மகளுக்கு என்று ஓர் எழுத்து. மூன்று மூத்தவளுக்கு, இரண்டு இவளுக்கு. எந்தச் சொல் எந்த நகை என்பதுதான் தெரியவில்லை. சகோதரிகள் இருவரும் ஜெர்மனியில் பிறந்தவர்கள். அவர்களுடைய போர்த்துக்கீசம் சாப்பாடு, ஏச்சு, செபம் என்ற மூன்றோடு முடிந்துவிடும்.

"உனக்குப் பழைய போர்த்துக்கீசம் தெரியும்தானே," என்றாள்.

"எனக்குத் தளபாடம் மட்டும்தான் தெரியும்."

"ஊரில் யாரையாவது கேள்," என்றேன். கேட்டால் அரை மணி நேரத்தில் கதை கொல்ன் நகரில் இருக்கும் அக்காவின் காதுக்குப் போய்விடும் என்றாள். தாயாரைச் சவப்பெட்டியில் வைக்கும்போது எந்த உடுப்புப் போடுவது என்று தொடங்கிய சண்டை. அதன் பிறகு இருவரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் பங்கை எடுக்க வருகிறாள். "பிழையானதைக் குடுத்தால் நான் களவெடுத்ததாகத்தான் நினைப்பாள். அதோடு எனக்கு அக்கா இல்லை." அதைச் சொல்லும்போது அவள் பெட்டி மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

நான் பொறியியல் படித்தவள். குழப்பத்தைக் கண்டால் அட்டவணை போடுவேன். சொல், அகராதிப் பொருள், எடை, நீளம், குறிப்பு என்று ஐந்து நிரல்கள். நகைகளை அளக்கும் முன் துடைத்தேன். ஒவ்வொன்றின் கொளுக்கியிலும் ஒரு துண்டு நூல் இருந்தது. காலுறையிலிருந்து சிக்கியதாக்கும் என்று நகவெட்டியால் வெட்டி எடுத்தேன். எடையில் சேரக்கூடாது அல்லவா. குறிப்பு நிரலில் ஒவ்வொன்றையும் நிறத்தோடு முறையாகப் பதிந்தேன். முதலாவது: "அந்நியப் பொருள், நூல், சிவப்பு, அகற்றப்பட்டது."

பிறகு அகராதியைத் திறந்தேன். 'கோர்தாவ்' என்றால் கயிறு, சப்பாத்து நாடா. 'கிரில்யாவ்' என்றால் கால்விலங்கு. 'கிரமல்யெய்ரா' என்றால் அடுப்புக்கு மேலே பானை தொங்கவிடும் சங்கிலி. 'கஸ்தோதியா' என்றால் காவலில் வைத்தல். 'அரெக்காதஸ்' என்பது வசூலித்தவை என்பதுபோல் வந்தது. மகள்மாருக்கு எழுதிய நகைப் பட்டியல், பொலிஸ் கோப்புப் போல இருந்தது. இணையத்தில் படம் தேடினேன். ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு சங்கிலியை அதே பெயரில் விற்றது.

இரண்டு சொற்கள் படங்களிலேயே பிடிபட்டன. வசூலித்தவை தோடுகள், காவலில் வைத்தல் ஒரு பெரிய பதக்கம். இரண்டும் அக்காவுக்கு. மிச்சம் மூன்று சங்கிலிகள். அவற்றில் 'கயிறு' மட்டும் அக்காவுக்கு. எது கயிறு? மிகத் தடித்தது முறுக்கின வடம்போல இருந்ததால் அதுதான் என்று அட்டவணை சொன்னது.

சனிக்கிழமை என் அம்மா இடியப்பத்தோடு வந்தார். மேசையில் நகையைக் கண்டதும் இடியப்பத்தைக் கதிரையில் வைத்தார்.

"ஆற்றை நகை இது?"

முழுக் கதையையும் சொன்னேன். போர்த்துக்கீசர் நகைக்கு மட்டும் எங்களிடம் ஏன் ஒரு சொல்லும் விடவில்லை என்றும் கேட்டேன்.

"நகையையே விடேல்லை, சொல்லை விடுவினமோ," என்றபடி அம்மா கொளுக்கிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "நூல் எங்கை?"

"என்ன நூல்?"

"ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வீட்டிலை நூல் கட்டாமல் நகை வைப்பினமோ? கலியாணத்துக்கு இரவல் குடுக்கேக்கை நாங்களும் கட்டுறதுதானே, ஆற்றை எது எண்டு தெரிய. என்ரை பச்சை, மாமியின்ரை மஞ்சள்."

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். அம்மா குறிப்பு நிரலை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார்.

"அந்நியப் பொருளோ," என்றார். "உன்னை ஆஹென் யூனிவர்சிற்றியிலை அஞ்சு வருசம் படிப்பிச்சது இதுக்கோ?"

ஆனாலும் பதிந்திருந்தேன். தோடு சிவப்பு, பதக்கம் சிவப்பு. அப்படியென்றால் சிவப்பு அக்கா. தடித்த இரண்டு சங்கிலிகளும் நீலம். மூன்றாவது சிவப்பு நூல், நான் 'விலங்கு' என்று எழுதி வைத்திருந்த மெல்லிய சங்கிலியில் இருந்தது. அளந்தபோது அது இரண்டு மீற்றருக்கு மேலே இருந்தது. கழுத்தில் ஒரு சுற்றுக்கு யாருக்கும் அவ்வளவு தேவையில்லை.

"ரெண்டு மூண்டு சுத்தாய்ப் போடுறது. அதுதான் கயிறு," என்று அம்மா முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காக்காரி என் வீட்டுக்கு வந்தாள். மேலங்கியைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள். தங்கச்சி யன்னலோடு நின்றாள். அம்மா குசினியில் தேத்தண்ணி போடும் சாட்டில் நின்றார். நான் அட்டவணையை அச்செடுத்துக் கொடுத்து, நூலை நான்தான் வெட்டினேன், தங்கச்சிக்கு இதில் பங்கில்லை என்று ஒப்புக்கொண்டேன். அக்காக்காரி கடைசி நிரலில் விரலை வைத்தாள்.

"என் உள்சட்டை, துவாய் எல்லாவற்றிலும் அம்மா சிவப்பு நூல்தான் கட்டுவா," என்றாள், யன்னல் பக்கம் பார்க்காமல்.

"எனக்கு நீலம். மழலையர் பள்ளியில் எல்லாரும் சிரிப்பார்கள்," என்றாள் தங்கச்சி.

"நூல் எங்கே?" என்று அக்காக்காரி என்னைக் கேட்டாள்.

"ரெஸ்ட்முல்லில், மிச்சக் குப்பைத் தொட்டியில். பருத்தி நூல் உக்கும் குப்பைக்குப் போகாது." ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"எப்போது எடுப்பார்கள்?"

"நாளைக்கு."

தங்கத்தை என் அம்மாவிடம் விட்டுவிட்டு மூவரும் கீழே இறங்கினோம். என் பையை முற்றத்தில் பழைய பேப்பரில் கொட்டி, மஞ்சள் கையுறையோடு குந்திக்கொண்டு கிளறினோம். முதல் மாடிக்காரர் யன்னலைத் திறந்து, ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை குப்பை தரம் பிரிக்க அனுமதி உண்டா என்று கேட்டார். சத்தம் போடாமல் பிரிக்கிறோம் என்றாள் தங்கச்சி.

சிவப்பு மூன்றும் கிடைத்தன. நீலம் ஒன்றுகூட இல்லை.

"நீ எடுத்து ஒளித்திருப்பாய்," என்றாள் தங்கச்சி அக்காவிடம்.

அக்காக்காரி நனைந்த தேயிலைப் பையொன்றை எடுத்து அவள் முகத்தில் எறிந்தாள். தங்கச்சி முகத்தைத் துடைக்காமல், பதிலுக்கு எறிய ஒரு முட்டைக்கோதைத் தேர்ந்தெடுத்தாள். இப்போது போர்த்துக்கீச ஏச்சும் சிரிப்புமாகச் சத்தம் வந்தது. முதல் மாடிக்காரர் யன்னலைப் பட்டென்று சாத்தினார். அக்காக்காரி மேலங்கியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, "நீ தள்ளி நில்," என்றாள்.